ஐந்தாம் தலத்துக் கால்கள்

அஞ்சலா கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைத் தூணில் சாய்த்துவிட்டுச் சுவரை அண்ணாந்து பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்கிறதெண்டா வெளிய போய்ச் சிரி," என்றேன்.

"நான் எங்க சிரிச்ச? இந்த மனிசன் ஏன் முழங்காலால நடக்கிறார் எண்டு பாக்கன்."

"அவர் நிக்கிறார்."

"நிக்கிறாரா? அப்ப கீழ்க்கால எங்க வைச்சிட்டு வந்தவர்?"

அஞ்சலா என் மனைவி. சனிக்கிழமைகளில் கோயில் கூட்டுவது அவளுடைய முறை. அவள் பார்த்துச் சிரித்தது சீரேனே ஊரானாகிய சீமோனை. இயேசு சிலுவையோடு போகும்போது வழியில் பிடித்து இழுத்து, இதைத் தூக்கு என்று தோளில் ஏற்றிவிடப்பட்ட மனிதன். சிலுவைப் பாதையின் பதினான்கு தலங்களில், அதாவது பதினான்கு படங்களில், ஐந்தாவது அவனுடையது. அவனை நான் நாலு நாளாகக் கரித்துண்டால் சுவரில் கீறி வைத்திருந்தேன்.

அந்த வேலை எனக்கு வந்தது உப்பினால். எங்கள் கோயில் கல்குடாவுக்குப் பக்கத்தில், வாவிக்குக் கிட்டவே இருக்கிறது. டவுனிலிருந்து வந்த ஓவியர் பதின்மூன்று தலங்களையும் சுவரில் கீறி முடித்தார். ஐந்தாவது இடத்தில் மட்டும் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. மேசன் கூலிகளான நானும் கதிர்காமத்தம்பியும் பழைய பூச்சை உடைத்துவிட்டுப் புதிதாகப் பூசினோம். ஒரு மாதம் காயட்டும் என்றார் ஓவியர். அந்த ஒரு மாதத்துக்குள் அவருக்கு டுபாய்க்கு விசா வந்துவிட்டது.

ஈரப் பூச்சில் ஆணியால் மீனும் நீர்க்காகமும் கீறிப் பார்த்துவிட்டுத் தேய்த்து அழிப்பது என் பழக்கம். பாதர் எப்போதோ அதைக் கண்டிருக்கிறார். "நீங்களே கீறுங்க யாக்கோப்பு, பெரிய வெள்ளிக்கு முதல் முடிச்சாச் சரி," என்றார். கோயில் மூப்பர் அருமைநாயகம் ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் அதே அளவில் ஒரு படத்தை அச்சடித்து எடுத்துச் சுருட்டி வைத்திருந்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெரிய வெள்ளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை கமிட்டி வந்து பார்க்கும். சரியில்லை என்றால் என் படத்துக்கு மேல் வெள்ளை அடித்து, அச்சடித்த படத்தை ஒட்டுவார்கள்.

நான் ஏன் ஒத்துக்கொண்டேன் என்றால், அது சீமோன் என்பதால்தான். வேறு தலம் என்றால் மாட்டேன் என்றிருப்பேன்.

நாற்பத்தொன்பது வயதில்தான் நான் எழுத்துப் படித்தேன். இதே கோயில் விறாந்தையில் பின்நேர வகுப்பு நடந்தது. புத்தகத்துக்கு வெளியே நான் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் வசனம் அப்போது சுவரில் மாட்டியிருந்த பழைய ஐந்தாம் தலப் படத்துக்குக் கீழே இருந்தது: சீமோன் இயேசுவின் சிலுவையைச் சுமக்க உதவுகிறான். வாசித்து முடித்ததும் எனக்குக் கதிர்காமத்தம்பியின் ஞாபகம்தான் வந்தது.

கதிர்காமத்தம்பி கிரான் ஊரைச் சேர்ந்தவன். விதைப்பும் அறுப்பும் இருக்கும்போது வயல் வட்டைக்குள் நிற்பான். அது இல்லாத காலத்தில் என்னோடு சீமெந்து வேலை. கொரோனாவுக்கு முந்தின வருசம் வாழைச்சேனையில் ஒரு மேல்மாடிக் கட்டடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு சோடி. அந்தக் கொந்தராத்துக்காரர் ஆளைப் பார்க்கமாட்டார், சோடியைத்தான் பார்ப்பார். ஒரு சோடி மதியத்துக்கு முன் நாற்பது பை சீமெந்தை மேலே ஏற்ற வேண்டும். யார் எத்தனை தூக்கினார்கள் என்பது அவருக்குத் தேவையில்லை.

அந்த வேலை தொடங்கி ஒரு கிழமையில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. குனிந்தால் நிமிர முடியாது. வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. கதிர்காமத்தம்பி, "நீ மேல நிண்டு பையப் புடிச்சு இறக்கு, மத்தத நான் பாக்கன்," என்றான். இரண்டு நாளுக்கு என்றுதான் நினைத்தோம். நாலு மாதம் ஆகிவிட்டது. நாலு மாதமும் நாற்பது பையையும் அவன்தான் ஏற்றினான். நான் மேலே நின்று பையைப் பிடித்து இறக்கி, சாந்து குழைக்கிற மாதிரிக் காட்டிக்கொண்டேன். சோடியில் ஒருவன் சும்மா நிற்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. அஞ்சலாவுக்கும் நான் சொல்லவில்லை.

அவனுக்கும் நான் ஒன்றும் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் நெருங்கினவனுக்கு நன்றி என்று வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. சொன்னால் அவனைத் தள்ளி வைத்த மாதிரி ஆகிவிடும். ஆனால் சொல்லாமல் விட்டதும் எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. சுவரில் அவனைச் சீமோனாகக் கீறிவிட்டால் சொன்னதுபோல ஆகும் என்று நினைத்தேன். அந்தச் சீமோன்தான் இப்போது கட்டைக் காலோடு நின்றான்.

மறுநாள் பூசை முடிய மேர்லின் டீச்சர் வந்து பார்த்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிப்பவர், முப்பது வயது இருக்கும். அவர் சிரிக்கவில்லை.

"யாக்கோப்பு அண்ணன், கோவிக்கப்படா. மேல் பாதி உசிரா இரிக்கி. தோள்மூட்டு, விலா, கை எல்லாம் நல்லா வந்திரிக்கி. கால்தான் ஒரு மாதிரி."

பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சீமோனின் உச்சியிலிருந்து நாடி வரைக்கும் பென்சிலில் பெருவிரலால் அளந்தார். அந்த அளவை அப்படியே கீழே கீழே இறக்கிக்கொண்டு போனார்.

"தலைதான் அளவுகோல், அண்ணன். உங்கட சாணோ முழமோ இல்ல. அந்த ஆள்ட தலையாலதான் அந்த ஆள அளக்கணும். இப்ப எண்ணுங்க."

எண்ணினேன். உச்சியிலிருந்து கால் பிரிகிற இடம் வரைக்கும் நாலு தலை. அங்கிருந்து குதிகால் வரைக்கும் இரண்டரை.

"நிக்கிற ஆளுக்கு ஏழரைத் தலை வரும். மேல நாலு எண்டா கீழ மூண்டரையாவது வேணும். உங்களுக்கு ஒரு முழுத் தலை குறையிது. புள்ளையள் கீறினா தலையத்தான் பெருசாக் கீறுவாங்க. நீங்க தலையைச் சரியாக் கீறிப்போட்டுக் காலில பிழைக்கிறீங்க. அதுதான் விளங்கல்ல."

பின்னால் நின்ற அஞ்சலா குறுக்கே வந்தாள்.

"அது எனக்கு விளங்குது டீச்சர். இவர் பதினொரு வயசில இருந்து நாப்பது வயசு மட்டும் பனிச்சங்கேணி ஆத்துக்க வலையோட நிண்டவர். இவர் கண்ட ஆம்புளையள் எல்லாம் தண்ணிக்கு மேலதான். கீழ என்ன இரிக்கி எண்டு இவருக்கு எப்பிடித் தெரியும்?"

நின்ற நாலைந்து பேரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும், "அது சரியாத்தான் இரிக்கும்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அஞ்சலா சொன்னது உண்மை. என் அப்பாவை, அண்ணன்மாரை, கூட வலை வீசியவர்களை நினைத்துப் பார்த்தேன். எல்லோருக்கும் தொடைக்குக் கீழே தண்ணீர்க் கோடு. அதற்குக் கீழே தெரிகிற கால் வெளிறி, ஒடிந்து, குட்டையாகத்தான் தெரியும். வலை வீசும்போது முதுகில் எந்தச் சதை எழும்பும், விலா எப்படி விரியும் என்று கண்ணை மூடிக்கொண்டே கீறுவேன். முழங்கால் எப்படி மடிகிறது என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. பிறகு கரைக்கு வந்து மேசன் கூலியானதும் சுவரைப் பார்த்தேன், மட்டத்தைப் பார்த்தேன். மனிசரின் காலைப் பார்க்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

ஈரத் துணியால் இரண்டு காலையும் துடைத்தேன். சீமோன் இடுப்போடு நின்றான்.

டீச்சர் கீறிப் பழக ஒரு கொப்பி தந்தார். முதலில் சரிபார்க்கச் சில அளவுகளைச் சொல்லித் தந்தார். கையை விரித்து முகத்தில் வைத்தால் நாடியிலிருந்து நெற்றி மயிர் வரைக்கும் மூடும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் உள்ள நீளந்தான் பாதத்தின் நீளம். இரண்டு கையையும் பக்கத்துக்கு விரித்தால் அந்த அகலந்தான் ஆளின் உயரம். நான் இதையெல்லாம் வேலைத்தளத்தில் சோறு தின்கிற நேரத்தில் ஒவ்வொருவரிலும் பரீட்சை பார்த்தேன். பொடியன்மார் முதலில் பயந்தார்கள். பிறகு தாங்களே வந்து கையை விரித்துக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். டிலுக்ஷன் என்கிற பொடியனுக்கு விரித்த கையின் அகலம் உயரத்தைவிட நாலு விரல் கூட. அன்று முழுக்க அவனைக் குரங்கு என்று கூப்பிட்டார்கள்.

கால்களுக்கு வேறு வழியில்லை, பார்க்கத்தான் வேண்டும். பஸ்சுக்கு நிற்கிறவர்கள், சைக்கிள் மிதிக்கிறவர்கள், கடை வாசலில் ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்கிறவர்கள் என்று எல்லோருடைய காலையும் பார்த்தேன்.

"பொம்புளையள்ட காலப் பாத்து அடி வாங்கிப் போடாதீங்க," என்றாள் அஞ்சலா. "டீச்சர்தான் பாக்கச் சொன்னவ எண்டு சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டாங்க."

பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கணுக்காலில் உள்பக்கத்து எலும்பு மேலே இருக்கிறது, வெளிப்பக்கத்து எலும்பு அதைவிடக் கீழே இருக்கிறது. கெண்டைச் சதை வெளிப்பக்கத்தில் உயரத்திலும் உள்பக்கத்தில் சற்றுப் பதிவாகவும் திரள்கிறது. முன் எலும்பு நேர்க்கோடு என்று நினைத்திருந்தேன்; அது மெல்ல வளைந்து போகிறது. எத்தனை வருசமாகப் பின்நேரங்களில் இந்தக் காலில் ஒட்டின சீமெந்தைத் தேய்த்துக் கழுவியிருக்கிறேன். இது ஒன்றும் எனக்குத் தெரியாது. வேலை முடிந்து உடம்பெல்லாம் நோகிற நேரத்திலும் அந்தக் கொப்பியைத் திறந்தால் நோவு கொஞ்சம் தள்ளி நின்றது.

இரண்டாம் தரம் சீமோனுக்குக் கால் வைத்தேன். ஏழரைத் தலை சரியாக வந்தது. டீச்சர் வந்து பார்த்துவிட்டு, "அளவு சரி," என்றார். பிறகு, "ஆனா அண்ணன், அந்த மரத்தில பாரம் இல்ல. அது அந்தரத்தில நிக்கிது. இவர் அதச் சும்மா தொட்டுக்கொண்டு நிக்கிறார்," என்றார்.

"பாரத்த எப்பிடிக் கீறுற?"

"பாரத்தக் கீற ஏலா. பாரம் தூக்கினா உடம்பு என்ன செய்யிது எண்டு கீறலாம். ஒராளத் தூக்கவைச்சுப் பாருங்க. தொண்டைக்குழியில இருந்து நேர கீழ ஒரு கோடு விழுந்தா அது எந்தக் காலுக்குப் போகுது எண்டு பாருங்க. அந்தக் கால்தான் பாரத்தத் தாங்குற கால்."

நேர் கீழே விழுகிற கோடு எனக்குப் புதிதில்லை. சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்க மேசன்மார் நூலில் கட்டித் தொங்கவிடும் தூக்குக்குண்டு என் பையிலேயே கிடந்தது.

அடுத்த ஞாயிறு பின்நேரம் கதிர்காமத்தம்பி மோட்டார் சைக்கிளில் வந்தான். நான் விசயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தான்.

"மச்சான், நான் சைவக்காரன். உங்கட கோயில் சுவரில நிண்டா உங்கட ஆக்கள் ஒண்டும் சொல்லமாட்டாங்களா?"

"தாடி ஒண்டு வைச்சு விடுறன். ஆருக்கும் தெரியா."

"நரைச்ச தாடி வேணாம். கறுப்பா வை. கண்ணகை அம்மனுக்கு நான் பிறகு சொல்லிக்கொள்ளுறன், கூலிக்குப் போன எண்டு."

கோயில் விறாந்தையில் கூரைக்குப் போட்டு மிச்சமாகக் கிடந்த ஒரு பனைமர வளை இருந்தது. அதைத் தூக்கி வலது தோளில் வைத்துக்கொண்டு நின்றான். நான் விறாந்தைக் கூரை மரத்தில் நூலைக் கட்டி, தூக்குக்குண்டை அவனுடைய தொண்டைக்குழிக்கு நேரே இறக்கினேன். குண்டு ஆடி ஆடி நின்றது. அவனுடைய வலது குதிக்கு முன்னால் வந்து நின்றது.

நான் நினைத்தது இரண்டு காலுக்கும் நடுவில் நிற்கும் என்று.

"நேர நில்லு," என்றேன்.

"நேரத்தான் நிக்கிறன்."

"கொஞ்சம் இடது காலையும் ஊண்டு."

"ஊண்டித்தான் இரிக்கி."

கிட்டப் போய்ப் பார்த்தேன். இடது முழங்கால் முழுதாக நீளவில்லை. இடது பக்கத்து இடுப்பு கீழே இறங்கியிருந்தது. வலது இடுப்பு வெளியே தள்ளி, முழுப் பாரத்தையும் வாங்கிக்கொண்டு நின்றது. மரத்தைக் கீழே போடச் சொன்னேன். போட்டான். வெறுங்கையோடு நிற்கவைத்து மறுபடியும் குண்டை இறக்கினேன். அது அதே இடத்துக்கு வந்து நின்றது.

எட்டு வருசமாக அவனோடு வேலை செய்கிறேன். அவன் நடப்பதை, குந்தியிருப்பதை, சோறு தின்பதை எல்லாம் கண்டிருக்கிறேன். இதை நான் காணவில்லை.

"இது எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"எது?"

"உன்ட இடது கால்."

"அது அப்பிடித்தான். வரம்பில நடக்கிறவனுக்கு எல்லாம் அப்பிடித்தான்."

"எனக்கு விசர்க்கதை சொல்லாத."

அவன் கழற்றி வைத்திருந்த சேட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வெளியே வாவிப் பக்கம் பார்த்தான்.

"அந்த மேல்மாடி வேலையில ஒருநாள் படியில கால் பிரண்டிச்சு. பையோட விழுந்த நான். அது பெரிய கதை இல்ல. மறுகா தானாச் சரிவந்திட்டு."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ கீழ இறங்கி வந்து தூக்கியிருப்பாய். மறுகா ரெண்டு பேரும் படுத்திருப்பம்." பிறகு, "கீறக்குள்ள அத நேராக்கிப் போடு, மச்சான். சுவரில கோணலா நிண்டா நல்லா இரிக்கா," என்றான்.

சரி என்று தலையாட்டினேன்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்து, அவன் சொன்னபடிதான் கீறினேன். இரண்டு இடுப்பும் ஒரே மட்டம். இரண்டு காலும் ஊன்றினபடி. எழுந்து தூரத்தில் போய் நின்று பார்த்தேன். தலை எண்ணினால் சரி. மரம் மறுபடியும் அந்தரத்தில் நின்றது. அது வேறு யாரோ ஒருவன்.

ஈரத் துணியை எடுத்து மூன்றாம் தரமும் துடைத்தேன். நூலைச் சுவரிலேயே தொங்கவிட்டு, தொண்டைக்குழியிலிருந்து வலது குதிக்குக் கோடு போட்டேன். இடது இடுப்பை இறக்கினேன். இடது முழங்காலை மடக்கிவிட்டேன். வலது தோளை உயர்த்தி, உடம்பை இடது பக்கம் சாய்த்தேன். அப்போது மரம் தோளில் வந்து உட்கார்ந்தது. எனக்கு என் இடுப்பில் நொந்தது. பெயின்ற் பூசுகிற நாலு பின்நேரமும் நான் அவனோடு கதைத்துக்கொண்டேதான் பூசினேன், மனதுக்குள். தாடியைக் கறுப்பாக வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பின்நேரம் கமிட்டி வந்தது. பாதர், அருமைநாயகம் ஐயா, இன்னும் நாலு பேர். மேர்லின் டீச்சரும் அஞ்சலாவும் ஓரமாக நின்றார்கள். அருமைநாயகம் ஐயா கையில் அந்தச் சுருட்டின படம் இருந்தது. ஐயா கெட்ட மனிதர் இல்லை. கோயிலில் ஒரு மெழுகுதிரி சாய்ந்திருந்தாலும் போய் நிமிர்த்திவிட்டுத்தான் முழங்காலிடுவார்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"யாக்கோப்பு, நான் நினைச்சதவிட நல்லா வந்திரிக்கி. பொய் சொல்லக்கூடாது. ஆனா ஆள் கோணலா நிக்கிறார் என்ன? ஒரு கால் இழுத்த ஆள் மாதிரி. மத்தப் பதிமூண்டிலயும் எல்லாரும் நேரா நிக்கிறாங்க. வேதத்தில சீமோன் நொண்டி எண்டு எங்கயும் இல்லையே."

"பாரம் தூக்கின உடம்பு, ஐயா," என்றார் டீச்சர். "பாரம் ஒரு பக்கம் எண்டா உடம்பு மத்தப் பக்கம் சாயும். அளவெல்லாம் சரியா இரிக்கி."

"அது படிச்சாக்களுக்கு விளங்கும் புள்ள. சனம் என்ன சொல்லும்? யாக்கோப்புக்குக் கால் கீறத் தெரியா எண்டுதான் சொல்லும். முந்தியும் சிரிச்சவங்கதானே." என்னிடம் திரும்பினார். "இன்னும் ரெண்டு நாள் இரிக்கி. அந்த இடுப்ப மட்டும் நேராக்கி விடு. ஏலாட்டி இத ஒட்டுவம். உன்னில குறை எண்டு நான் சொல்லல்ல."

நேராக்க எனக்கு ஒரு மணித்தியாலம் போதும். நேராக்கச் சொல்லித்தான் கதிர்காமத்தம்பியும் கேட்டிருந்தான். ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஐயா, அந்தக் கால் எனக்குக் கீறத் தெரியாம வந்த கால் இல்ல," என்றேன். "அது என்னால வந்த கால்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வாழைச்சேனைக் கட்டடம், என் இடுப்பு, சோடிக் கணக்கு, நாலு மாதம். ஒவ்வொரு நாளும் நான் மேலே நின்று வேலை செய்கிற மாதிரிக் காட்டிக்கொண்டது. அவன் படியில் பையோடு விழுந்ததும், அதை எனக்குச் சொல்லாமல் விட்டதும். தூக்குக்குண்டு இறக்கின பிறகுதான் அது என் கண்ணுக்குத் தெரிந்தது என்றும் சொன்னேன். கதை நேராக வரவில்லை, முன்னுக்குப் பின் ஆகிவிட்டது. அஞ்சலா நின்ற பக்கம் நான் பார்க்கவில்லை.

"அந்த மனிசனுக்கு நான் ஒரு சொல் சொல்லல்ல, ஐயா. சொல்லத் தெரியல்ல. இதத்தான் சொல்லியிருக்கன். இத நேராக்கினா நான் ஒண்டும் சொல்லல்ல எண்டு ஆகிடும். ஏலாது எண்டா வெள்ளைய நானே அடிச்சு விடுறன். நேராக்க மட்டும் ஏலா."

அருமைநாயகம் ஐயா மறுபடியும் சுவருக்குக் கிட்டப் போனார். அந்த இடது முழங்காலைக் குனிந்து பார்த்தார்.

"ஆர், அந்தக் கிரான் ஆளா? எங்கட வீட்டுக் கிணத்துக்குக் கட்டுக் கட்டினவரா?"

"ஓம் ஐயா."

"அவர் இழுத்து நடக்கிறவரா? நான் கவனிக்கல்லையே."

"நானும் கவனிக்கல்ல, ஐயா."

அவர் சுருட்டின படத்தை மேசையில் வைத்தார். "உப்புக் காத்துப் படுற சுவர் இது. மேல வார்னிஷ் அடிக்காட்டி ரெண்டு வருசத்தில போயிடும். நாளைக்கு நான் வாங்கி அனுப்புறன்," என்றார். பாதர் என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது அஞ்சலா பாதி வழி வரைக்கும் எனக்கு முன்னால் விறுவிறென்று போனாள். பிறகு, "அந்த நாலு மாசமும் இடுப்பு நோகுது நோகுது எண்டு எனக்கிட்ட எண்ணெய் பூசுவிச்சீங்க. நானும் பை தூக்கி நோகுது எண்டு நினைச்சுப் பூசின," என்றாள்.

"ம்."

"பெரிய வெள்ளிக்குக் கதிர்காமத்தம்பி அண்ணனையும் கண்ணகையையும் வரச் சொல்லுங்க. கஞ்சி கூடக் காச்சுறன்."

கண்ணகை கதிர்காமத்தம்பியின் மனைவி. அம்மனின் பெயரைத்தான் அவளுக்கு வைத்திருந்தார்கள்.

புதன்கிழமையே செய்தி வேலைத்தளத்துக்கு வந்துவிட்டது. பொடியன்மார் அவனைச் சீமோன் அண்ணன் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். கதிர்காமத்தம்பி சாந்துச் சட்டியை என் காலடியில் பொத்தென்று வைத்தான்.

"உன்ட வாய்க்குப் பூட்டு இல்லையா? நேராக்கச் சொன்னனா இல்லையா?"

"சொன்னாய்."

"மறுகா?"

"நேராக்கிப் பாத்தன். அது நீ இல்ல."

"கோயில்ல நிண்டு கதை வேற சொல்லியிருக்காய். இனி ஊரெல்லாம் என்ட காலப் பாக்கப் போகுது."

"நான் பாக்காம விட்டதுக்கு ஊர் பாக்கட்டும்."

அவன் காறித் துப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அன்றும் அடுத்த நாளும் என்னோடு கதைக்கவில்லை. பெரிய வெள்ளிக்கு வரச்சொல்லிக் கேட்டதற்கும் பதில் இல்லை. கமிட்டி ஒத்துக்கொண்டது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவனுக்குப் பிடிக்காவிட்டால் அந்தச் சுவரில் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று யோசித்தபடியே இருந்தேன்.

பெரிய வெள்ளியன்று மூன்று மணிக்குச் சிலுவைப் பாதை. இரண்டு மணிக்கு முன்னரே நான் கோயிலுக்குப் போனேன். சுவருக்கு முன்னால் அவன் நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சேட்டு, நெற்றியில் திருநீறு. கண்ணகை அஞ்சலாவோடு கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் இருப்பதை வரும்போதே கண்டேன். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வலது காலில் பாரத்தை வைத்து, இடது முழங்காலை மடக்கி, சுவரில் இருக்கிறவன் மாதிரியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"தாடி நல்லா இரிக்கி," என்றான்.

"கறுப்பாத்தான் வைச்ச."

"ம்."

படத்தின் தோளைக் காட்டி, "தோள் என்டதுதான். அந்த மரத்த நான் அப்பிடித்தான் புடிச்ச," என்றான்.

"மச்சான், அந்த நாலு மாசமும்…"

"சும்மா கிட," என்றான். "எனக்குத் தெரியும்."

அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. இரண்டு பேரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே சனம் கூடுகிற சத்தம் கேட்டது.

"ஆனா குதி பிழை," என்றான்.

"எந்தக் குதி?"

"வலது. இவ்வளவு பாரத்தையும் தாங்குற குதி இத்தினூண்டா இரிக்கும்? இது இஞ்ச பூசைக்கு வாற பொம்புளப் புள்ளையள்ட குதி மாதிரி இரிக்கி. என்ட இன்னும் பெருசு. அகலம். இஞ்ச வெடிச்சிரிக்கும்."

சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினான். வாங்குப் பலகையை இழுத்துச் சுவரோரம் போட்டு, சீமோனின் காலுக்கு நேரே தன் வலது காலைத் தூக்கி வைத்தான். பாதம் முழுக்கக் கழுவியிருந்தது. வெடிப்புகளுக்குள் மட்டும் சீமெந்தின் சாம்பல் நிறம் போகாமல் இருந்தது.

"பாத்துக் கீறு. கெதியா. சனம் வரப்போகுது."

நான் அலுமாரிக்குப் பின்னால் வைத்திருந்த பெயின்ற் பேணியையும் தூரிகையையும் எடுத்துவந்தேன். முழங்காலிட்டு, அவனுடைய காலைப் பார்த்துப் பார்த்துக் குதியை அகலமாக்கினேன். வெடிப்பை மெல்லிய கோடாக இழுத்தேன். "இன்னும் கொஞ்சம்," என்றான் அவன். இன்னும் கொஞ்சம் ஆக்கினேன்.

மூன்று மணிக்கு மணி அடித்தது. பாதருக்குப் பின்னால் சனம் பாடிக்கொண்டு ஒவ்வொரு தலமாக வந்தது. ஐந்தாம் தலத்துக்கு முன்னால் எல்லோரும் முழங்காலிட்டபோது, அந்தக் குதி இன்னும் காயாமல் மினுங்கிக்கொண்டிருந்தது.